புயலைப் பார்த்த பிள்ளைகள்: ‘மனவடு அறிந்த பள்ளி’ என்றால் என்ன, ஆலங்குடிக்கு அது ஏன் தேவை?

நவம்பர் மாதம், மதியம் மூன்று மணி. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. காற்று கொஞ்சம் வேகமெடுத்ததும் வகுப்பறைக் கதவு படாரென்று சாத்திக்கொள்கிறது. நாற்பது பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். ஒருவன் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கிறான். “எங்கடா கிளம்பிட்டே? உட்காரு” என்கிறார் ஆசிரியர். உட்காரவில்லை. இரண்டாவது தடவை ஆசிரியரின் குரல் உயர்கிறது. மூன்றாவது தடவை பையன் எதிர்த்துப் பேசுகிறான். அவ்வளவுதான், அன்றிலிருந்து அவனுக்குத் ‘திமிர் பிடிச்சவன்’ என்று பெயர்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி பக்கம் (குரு ஸ்தலமான ஆலங்குடி இல்லை, அது திருவாரூர் மாவட்டம்) இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை ஏறிய கஜா புயல், இந்த வட்டாரத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் மேற்கே போனது. ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, நெடுவாசல் என்று தென்னையும் பலாவும் வாழையும் பூந்தோட்டமுமாக இருந்த ஊர்கள் ஒரே ராத்திரியில் அடையாளம் தெரியாமல் போயின. ஓடு பறந்தது, மரம் வீட்டின் மேல் விழுந்தது, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்குக் கரன்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. அன்று தொடக்கப் பள்ளியில் இருந்த பிள்ளைகள் இன்று பெரிய வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மரத்துக்குக் கணக்கு இருந்தது

கஜாவுக்குப் பிறகு விழுந்த மரங்களை அரசு எண்ணியது. ஒரு தென்னைக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக மொத்தம் 1,100 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். அந்தத் தொகை போதுமா என்பது வேறு சண்டை. சரியோ தப்போ, மரத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. படுக்கையில் சிறுநீர் கழிக்க ஆரம்பித்த ஏழு வயதுப் பிள்ளைக்கும், இருட்டினால் அம்மா சேலையை விட மறுத்த பிள்ளைக்கும் எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. புயல் ஒரு ராத்திரியோடு முடிந்தது. அதன் விளைவு முடியவில்லை. தென்னங்கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்து, ஆறு வருஷம் ஆகும். அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது? கடன், வெளியூர் வேலை, வெளிநாட்டுப் பயணம். அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ, பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம். சில வீடுகளில் குடி, குடி வந்தால் அடி. நிவாரணம் வரவில்லை என்று கொத்தமங்கலத்தில் மறியல் நடந்து, அரசு வாகனங்கள் எரிந்து, தொடர்ந்து கைதுகளும் நடந்தன. பெரியவர்கள் பயந்து நின்றதையும் பிள்ளைகள் பார்த்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகளைப் பூட்டியது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி திறந்தன. ஒரே பிள்ளைக்குள் எத்தனை அடுக்கு என்று பாருங்கள்.

இயற்கை மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. இதே மாவட்டத்தின் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்ற பிறகுதான் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. அந்த ஊர்ப் பிள்ளை ஒன்று பள்ளிக் குழாயில் தண்ணீர் குடிக்கத் தயங்கினால், அதற்குப் பெயர் அடமா?

மனவடு என்பது என்ன?

‘ட்ராமா’ என்ற சொல் இப்போது ரீல்ஸில் சர்வசாதாரணம். பிரேக்கப்பும் ட்ராமா, பாஸ் திட்டினாலும் ட்ராமா. ஈழத் தமிழர்கள் இதற்கு ‘மனவடு’ என்ற நல்ல சொல்லைப் புழங்குகிறார்கள். காயம் ஆறினாலும் வடு நிற்கும். தொட்டால் சில நேரம் வலிக்கும், சில நேரம் வலிக்காது. எப்போது வலிக்கும் என்று வடு உள்ளவருக்கே தெரியாது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ஆபத்து என்று தோன்றியதும் மூளையில் இருக்கும் அமிக்டலா என்ற சின்னப் பகுதி அபாய மணி அடிக்கிறது. அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஓடு, எதிர்த்து நில், இல்லையென்றால் அசையாமல் உறைந்துபோ என்று மூன்றே கட்டளை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும், யோசித்து முடிவெடுக்கிற முன்மூளைக்கு அந்த நேரத்தில் பேச்சே இல்லை. பாம்பைப் பார்த்தால் நமக்கு நடப்பதுதான். பாம்பு போனதும் நமக்கு மணி அடங்கிவிடும். திரும்பத் திரும்ப ஆபத்தில் வாழ்ந்த பிள்ளைக்கு அது எளிதில் அடங்காது. கதவு சாத்தும் சத்தம், குடித்தவரின் வாடை, உயர்ந்த குரல், ஓங்கிய கை என ஏதாவது ஒன்று போதும். அந்த நிமிடத்தில் “அல்ஜீப்ரா சூத்திரம் சொல்லு” என்றால் எங்கிருந்து வரும்?

1998-ல் அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அண்டா என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் திருப்புமுனை. அடி, வீட்டில் வன்முறை, பாலியல் துன்புறுத்தல், குடிக்கு அடிமையான பெற்றோர் போன்ற சிறுவயது அனுபவங்கள் கூடக் கூட, பெரியவர்களான பிறகு மனச்சோர்வு, குடிப்பழக்கம் மட்டுமல்ல, இதய நோய் அபாயமும் கூடுவதை அது காட்டியது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது கூட்டத்துக்கான கணக்கு. ‘உன் பையன் இப்படித்தான் ஆவான்’ என்று ஒரு தனிப் பிள்ளைக்கு ஜாதகம் கணிக்க இதைப் பயன்படுத்த முடியாது, கூடாது. கஜாவைப் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தேறியிருப்பார்கள். பாட்டியோ, சித்தியோ, ஒரு டீச்சரோ பக்கத்தில் நிதானமாக இருந்ததே பலருக்கு மருந்தாகியிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு என்ன வேலை?

ஆசிரியர் மனநல மருத்துவராக மாற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ‘மனவடு அறிந்த பள்ளி’ கேட்பது அதைவிட எளிமையானது, ஒருவகையில் அதைவிடக் கடினமானது. அமெரிக்க அரசின் மனநலச் சேவை அமைப்பு 2014-ல் சொன்ன வரையறையை நம் பேச்சில் சொன்னால்: மனவடு பரவலாக உண்டு என்று உணர்வது, அதன் அறிகுறிகளைக் கண்டுகொள்வது, அதற்கேற்ப நடந்துகொள்வது, நம் நடவடிக்கையாலேயே பிள்ளையை மறுபடி காயப்படுத்தாமல் இருப்பது. கடைசியில் இருப்பதுதான் நம் பள்ளிகளுக்கு முதலில் வேண்டியது என்பேன்.

பையோடு எழுந்து நின்ற பையனிடம் திரும்புவோம். “ஏன்டா இப்படிப் பண்றே?” என்ற கேள்விக்கு அவனிடம் பதில் கிடையாது. ஏனென்று அவனுக்கே தெரியாது. “என்னப்பா, காத்துச் சத்தமா? கதவுக்கு ஒரு கல்லை வச்சுட்டு வந்து உட்காரு” என்றால் விஷயம் அரை நிமிடத்தில் முடிந்தது. கதவும் அடிக்காது, அவனுக்குச் செய்ய ஒரு வேலையும் கிடைத்தது, நாற்பது பேர் முன்னால் மானமும் போகவில்லை.

இந்த மாதிரி விஷயங்கள் பெரும்பாலும் பைசா செலவில்லாதவை. மணி ஒழுங்காக அடிப்பது, கால அட்டவணையை மாற்றினால் முதல் நாளே சொல்வது, ஆசிரியர் வராவிட்டால் யார் வருவார் என்று தெரிந்திருப்பது. வீட்டில் எது எப்போது நடக்கும் என்று தெரியாத பிள்ளைக்கு, பள்ளியிலாவது அடுத்து என்ன என்று தெரிந்திருப்பது பெரிய நிம்மதி. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை எல்லோரும் ஊட்டச்சத்துக் கணக்கில் பார்க்கிறோம். தினமும் காலையில் அதே நேரத்தில், அதே அக்கா சிரித்த முகத்தோடு உப்புமாவோ பொங்கலோ பரிமாறுவதும் ஒரு மனநலத் திட்டம்தான். அப்படி யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

இனி, செய்யாமல் இருக்க வேண்டியவை. “அப்பா என்ன பண்றார்?” என்று வகுப்பு நடுவே எழுப்பிக் கேட்பது. உதவித்தொகைப் பட்டியலைச் சாதிப் பெயரோடு உரக்க வாசிப்பது. முன்னறிவிப்பு இல்லாமல் பின்னாலிருந்து தோளைத் தொடுவது. ஒருவன் செய்த தப்புக்கு வகுப்பையே வெயிலில் நிறுத்துவது. பேரிடர் நடந்த மறுவாரமே ‘நான் பார்த்த புயல்’ என்று கட்டுரை எழுதச் சொல்வது. இது நல்ல எண்ணத்தில்தான் நடக்கிறது. ஆனால் பேசுவதற்கு வாய்ப்புக் கொடுப்பது வேறு, மதிப்பெண் போட்டு எழுத வைப்பது வேறு. அம்மாவின் சாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய பிள்ளைக்கு, எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தால் அது மறுபடி வாயைத் திறக்குமா?

நாங்குநேரியை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 2023 ஆகஸ்டில் ஒரு பிளஸ் டூ மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டார். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்களின் சாதி விவரம் வெளியே தெரியாமல் காக்கப்பட வேண்டும், 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் உண்டு. கையில் கலர் கயிறு கட்டக் கூடாது என்றதைப் பற்றித்தான் டிவி விவாதங்கள் நடந்தன. நல அலுவலர் பற்றி எத்தனை விவாதம் பார்த்தீர்கள்?

யாழ்ப்பாணத்து வாத்தியார்கள் செய்தது

இதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன் என்று நினைப்பவர்கள் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம். போரும் சுனாமியும் சேர்ந்து சிதைத்த இலங்கையின் வடகிழக்கில், மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். அதனால் உள்ளூர்த் தமிழ் ஆசிரியர்களையே ஆற்றுப்படுத்துநர்களாகப் பயிற்றுவித்தார்கள். மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் இந்தச் சமூக உளநலப் பணியைப் பல ஆண்டுகள் முன்னெடுத்தார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு அங்கே ஒரு முகாமில் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. கடுமையான மனவடு அறிகுறிகள் இருந்த 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு தங்கள் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து, கெட்டதையும் நல்லதையும் சேர்த்து, ஒரு துணையோடு சொல்லியது. இன்னொரு குழுவுக்குத் தியானம், தளர்வுப் பயிற்சி. இரண்டுக்கும் ஆறே அமர்வுகள், நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் மீண்டிருந்தனர். எந்தச் சிகிச்சையும் தராத மூன்றாவது குழு இல்லாததால், தானாகவே எவ்வளவு பேர் தேறியிருப்பார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நம் மொழி பேசுகிற, நம்மைப் போன்ற ஊர்களைச் சேர்ந்தவர்களுக்கு முறையான பயிற்சியும் மேற்பார்வையும் கொடுத்தால் இந்த வேலையைச் செய்ய முடியும் என்பது தெளிவாகிறது.

‘முறையான’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். ஒரு நாள் பயிற்சி, பவர்பாயிண்ட், குரூப் போட்டோ, சான்றிதழ் என்பது பயிற்சி ஆகாது.

“அடி உதவுற மாதிரி…”

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. முதல் வாதம் நம் வீடுகளில் தினமும் கேட்பது: “அடியாத மாடு படியாது. நாங்கல்லாம் அடி வாங்கித்தானே முன்னுக்கு வந்தோம்?” வந்தவர்கள் பேசுகிறார்கள். அடிக்குப் பயந்து எட்டாம் வகுப்போடு நின்று திருப்பூருக்குப் பஸ் ஏறியவர்கள் அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டப் பிரிவு 17 உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

இரண்டாவது வாதம் ஆசிரியர்களுடையது, அதில் நிறைய நியாயம் இருக்கிறது. “பாடம் நடத்தணும், எமிஸ்ல ஏத்தணும், தேர்தல் வேலைக்குப் போகணும், இப்ப மனசையும் நாங்கதான் பார்க்கணுமா சார்?” கஜா ராத்திரியில் பல ஆசிரியர்களின் வீட்டுக் கூரையும்தான் போனது. அவர்களை யார் கேட்டார்கள்? சோர்ந்துபோன ஆசிரியரால் பதறுகிற பிள்ளையை நிதானப்படுத்த முடியாது. ஆசிரியர் அறையில் மாதம் ஒருமுறை, அதிகாரிகள் இல்லாமல், “இந்த மாசம் எந்தப் பிள்ளை விஷயத்துல எனக்குக் கை ஓடல” என்று வெளிப்படையாகப் பேசும் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்கு எமிஸில் ஒரு காலம் சேர்க்காமல் இருந்தால் சரி.

மூன்றாவது வாதம் ஆராய்ச்சி சார்ந்தது. பள்ளி முழுவதும் இந்த அணுகுமுறையைக் கொண்டுவந்தால் பலன் உண்டா என்று 2019-ல் ஒரு முறைப்படியான ஆய்வுத் திரட்டு தேடிப் பார்த்தது. 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை அலசியும், அதன் கறாரான தகுதிகளுக்குப் பொருந்தும் ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பலன் இல்லை என்று நிரூபணமாகவில்லை. நிரூபிக்கும் அளவுக்கு யாரும் சரியாக அளந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். ஆகவே யாராவது உங்கள் பள்ளிக்கு வந்து “எங்க பேக்கேஜை வாங்குங்க, மூணு மாசத்துல ரிசல்ட்” என்றால் வாசலிலேயே டீ கொடுத்து அனுப்பிவிடலாம். அடிக்காமல் இருப்பதற்கும், அவமானப்படுத்தாமல் இருப்பதற்கும் எந்த ஆய்வு முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லை எது?

ஒன்றை ஆசிரியர்கள் நினைவில் வைக்க வேண்டும். முரண்டு பிடிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் மனவடு என்று முத்திரை குத்துவதும் ஆபத்து. கரும்பலகை தெரியாத கண், சரியாகக் கேட்காத காது, ரத்தசோகை, கற்றல் குறைபாடு, ராத்திரி முழுக்க மொபைல் என்று காரணம் வேறாக இருக்கலாம். அமைதியான பிள்ளைதான் பெரும்பாலும் தப்பிப்போகிறது. சத்தம் போடுகிறவன் கண்ணில் படுகிறான். ஓரத்தில் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ‘நல்ல பிள்ளை’ என்று பெயர்.

பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு பிள்ளை வாயைத் திறந்தால், “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. 2012-ன் போக்சோ சட்டப் பிரிவு 19 படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் பிரிவு 21 படி ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. ‘பள்ளிப் பேர் கெட்டுடும்’ என்பது சட்டத்தின் முன் காரணமாகாது. “நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பில்லை. உனக்கு உதவி செய்ய வேண்டியவங்ககிட்ட மட்டும் இதைச் சொல்லணும்” என்பதுதான் நேர்மையான பதில். திரும்பத் திரும்ப விசாரித்து, தலைமையாசிரியர் அறையில் ஐந்து பேர் முன்னால் மறுபடி சொல்ல வைப்பது இரண்டாவது காயம்.

போனில் சேமித்து வைக்க மூன்று எண்கள்: குழந்தைகளுக்கான உதவி 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி மையம் 14417, மனநல ஆலோசனைக்கான டெலி மனஸ் 14416. நேரில் பார்க்க வேண்டிய நிலை வந்தால் ஆலங்குடியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தூரம் அதிகமில்லை. ஆனால் தினக்கூலிக்குப் போகும் அம்மாவுக்கு அது ஒரு நாள் சம்பளம். மனநல ஆலோசகர் மாதம் இரண்டு நாளாவது ஒன்றியத்துக்குள் இருக்கும் பள்ளிக்கே வர வேண்டும் என்று நாம் கேட்பது அதனால்தான். வருபவர் மாதாமாதம் மாறாமல் ஒரே ஆளாக இருக்க வேண்டும். நம்பிக்கையைப் புது முகத்திடம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கட்ட முடியாது.

சென்னையில் இருக்கும் நான் என்ன செய்ய?

இதைப் படிக்கிற பலர் ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ அரசுப் பள்ளியில் படித்துவிட்டு இப்போது ஓஎம்ஆரிலோ பெங்களூருவிலோ இருப்பீர்கள். ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு வந்தால் ஸ்மார்ட் போர்டு, பெயின்ட், நுழைவாயில் வளைவு என்றுதான் போகும். தப்பில்லை. ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்: கடைசியாக ஆலோசகர் எப்போது வந்தார்? ‘மாணவர் மனசு’ பெட்டி எங்கே இருக்கிறது? தலைமையாசிரியர் அறை வாசலிலா, யாரும் பார்க்காமல் சீட்டுப் போடக்கூடிய இடத்திலா? சாவி யாரிடம்? இரண்டு வாரம் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போகிறார்கள், போய் முதலில் என்ன கேட்கிறார்கள்? வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு தடவையாவது, புயல் எச்சரிக்கை வந்தால் பள்ளி என்ன செய்யும், யார் எந்த வகுப்போடு இருப்பார்கள், வீட்டுக்கு யார் தகவல் சொல்வார்கள் என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகளிடம் சொல்லப்படுகிறதா?

அக்டோபர் வந்துவிட்டால் அரையாண்டுத் தேர்வுப் பரபரப்பில் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது. செப்டம்பர் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.